புறூடர் லூட்கரின் முப்பது நாள் சாப்பாடு

மந்திகைச் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த சின்னத்துரைக்கு மூன்று பிள்ளைகள். மூத்தது ஜெயமலர். நடுவில் பிறந்தது பால் மறக்கும் முன்னரே காய்ச்சலில் போய்விட்டது. கடைசி சிறீதரன். ஜெயமலரைக் கட்டியவர் அல்வாய் இரத்தினம். அந்த இரத்தினத்தின் தங்கை சுபானியைத்தான் சிறீதரன் கட்டினான். பெண் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுத்த மாற்றுச் சம்பந்தம். இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். இப்படிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நல்லதும் கெட்டதும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகவே வந்து சேரும்.

ஜெயமலரும் இரத்தினமும் அகதியாக வந்து ஜேர்மனியில் ஹம் நகரத்தில் குடியேறினார்கள். சிறீதரன் வரவில்லை. கடைசிச் சண்டையில் அவன், சுபானி, மடியில் குழந்தை மிதுசா, மூன்று பேரும் வன்னிக்குள் அகப்பட்டார்கள். சுபானியும் பிள்ளையும் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். சிறீதரன் தண்ணீர் எடுத்துவரப் போனவன், திரும்பவில்லை. பாலம் கடந்ததைக் கண்டேன் என்றார் ஒருவர். பாலத்துக்கு இப்பாலேயே விழுந்து கிடந்ததைக் கண்டேன் என்றார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லுகிற ஆட்கள் இல்லை.

அன்றிலிருந்து சுபானி நெற்றிப் பொட்டோடு காத்திருக்கிறாள். கொள்ளி வைக்கவும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யவும் இல்லை. ஆடி அமாவாசைக்குச் சின்னத்துரையின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். மகனின் பெயர் வருகிற இடத்தில் ஐயர் ஒரு தரம் நிறுத்துவார், யாரும் வாய் திறக்கமாட்டார்கள், ஐயர் மேலே போய்விடுவார்.

பிள்ளை மிதுசாவுக்கு இப்போது கலியாண வயது. ஹனோவரில் வளர்ந்த நிசாந் என்கிற பெடியனுக்குப் பேசி, தை மாதம் ஊரில் கலியாணம் என்று முடிவாயிற்று. நிசாந்தின் தாய் ஸ்வர்ணா நல்ல மனுசி. ஆனாலும் ஒருநாள் ஹம்முக்கு ரயிலேறி வந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. சனம்தான் கேக்குது. பொம்பிளையின்ர தகப்பன் இருக்கிறாரோ இல்லையோ?"

"அது தெரிஞ்சால் நாங்கள் ஏன் இப்பிடி இருக்கிறம்?" என்றாள் ஜெயமலர்.

"இல்லை எண்டால் கலியாணத்துக்கு முன்னம் அந்தியேட்டியைச் செய்துபோடுங்கோ. நீங்களும் அண்ணையும் மணவறையில நிண்டு தாரை வாத்துக் குடுங்கோ. இருக்கிறார் எண்டால் அதையாவது வாயால சொல்லுங்கோ. பிள்ளையின்ர விசாவுக்கும் எம்பசியில நாள் குறிச்சு ரெர்மின் எடுக்கவேணும், அங்கயும் தகப்பனைப் பற்றிக் கேப்பினம்."

ஸ்வர்ணா போனபின் ஜெயமலர் புருசனைப் பார்த்தாள். இரத்தினம் யன்னலைப் பார்த்தார். இறந்தான் என்று அவர் சொன்னால், தன் தங்கையின் பொட்டைத் தானே அழித்ததாகும். ஜெயமலர் சொன்னால், தம்பியைத் தானே கொன்றதாகும். ஊருக்குப் போன் எடுத்துக் கேட்டால், சுபானியோ ஒரே பேச்சுத்தான் பேசினாள்.

"நீங்கள்தான் மச்சாள் மூத்த ஆள். நீங்கள் சொன்னால் நான் செய்யிறன். நானாச் சொல்ல மாட்டன்."

ஐப்பசி பிறந்தது. ஜெயமலர் சொல்லவில்லை.

அவளுக்கு வேலை மரியன்மோர் மடத்தில். முன்பு வேலை செய்த பிஸ்கற் தொழிற்சாலையை மூடியபின் கிடைத்த சமையல் வேலை. ஹம்மிலிருந்து ரயில், அதற்குப் பிறகு பஸ், அதற்குப் பிறகு கோடையில் தேன் போல மணக்கும் லிண்டன் மரங்களுக்கு நடுவே நடை. மடம் என்றால் நம்முடைய அன்னதான மடம் போல நினைக்க வேண்டாம். எண்ணூறு வருசத்துக்கு முந்தியது. புருசனைப் போரில் இழந்த ஒரு சீமாட்டி, சேற்று நிலத்தை வெள்ளை உடுப்புத் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தாள். அவர்கள் வாய்க்கால் வெட்டிச் சேற்றை வடித்தார்கள், குளம் தோண்டி மீன் வளர்த்தார்கள், செம்மறி மேய்த்தார்கள், தேவாலயம் எழுப்பினார்கள். பிறகு வந்த சண்டையொன்றில் படையினர் தேவாலயத்துக்குள் குதிரை கட்டினார்கள். கூரையின் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்தார்கள். இன்னொரு காலத்தில் அரசாங்கம் துறவிகளை வெளியே போகச் சொல்லிவிட்டு அதே இடத்தில் சாராயம் வடித்தது. ஊர்ச்சனம் கல்லைப் பிடுங்கிக்கொண்டு போனது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பன்றிக்கொட்டில் ஒன்று உண்டு. அதன் சுவரில், பன்றிகளின் தலைக்கு மேலே, ஒரு தேவதூதனின் முகம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது. ஜெயமலர் காலையில் அதைப் பார்க்காமல் கடந்துபோகப் பழகியிருந்தாள்.

சாராயக்காரரும் போனபின் துறவிகள் திரும்பி வந்தார்கள். ஒரு காலத்தில் நூறு பேர் இருந்த இடத்தில் இப்போது ஆறு கிழவர்கள். நடைசாலைத் தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். அவர்கள் அதன்மேல் நடந்துதான் சாப்பிட வருவார்கள். ஜெயமலர் மட்டும் சுவரோரமாக ஒதுங்கி நடப்பாள். செத்தவரை மிதிக்க அவளுக்கு ஏலாது.

சாப்பாட்டு மண்டபத்தில் யாரும் கதைப்பதில்லை. ஒருவர் சிறிது வாசித்துவிட்டு வந்து உட்காருவார், பிறகு எல்லாரும் பேசாமல் சாப்பிடுவார்கள். அவளுக்குக் குசினிச் சின்ன யன்னலுக்குள்ளால் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். நாள்பட நாள்பட யாருடைய கரண்டி எது என்று தெரிந்துவிட்டது. கதவு காக்கும் துறவிச் சகோதரர், புறூடர் லூட்கருக்குக் கை நடுக்கம். அவருடைய கரண்டி ஒவ்வொரு வாய்க்கும் தட்டின் விளிம்பில் இரண்டு தரம் தட்டும்.

ஐப்பசி நடுவில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், லூட்கர் கதவடிக் கதிரையில் இருந்தபடியே இறந்துபோனார். அடக்கம் முடிந்த அன்று மடத்துத் தலைவர் பாட்டர் கொன்றாட் குசினிக்கு வந்தார். அவளைப் புருசன் பெயர் சேர்த்துத்தான் அழைப்பார்.

"ஃப்ராவ் இரத்தினம், தட்டைக் குறைக்க வேண்டாம். ஆறு தட்டும் வையுங்கள்."

"ஐந்து பேர்தானே, பாட்டர்?"

"இறந்த சகோதரருக்கு முப்பது நாள் அவருடைய இடத்தில் சாப்பாடு வைப்போம். ஆதி காலத்திலிருந்து இந்த மடத்து வழக்கம். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பங்கை வாசலில் கொடுத்துவிட வேண்டும். முன்பு அதை லூட்கர் செய்தார். இனி நீங்கள் செய்யுங்கள்."

ஜெயமலர் ஆறாவது தட்டைத் திரும்ப எடுத்து வைத்தாள். முப்பது நாள் படைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்கிற ஊரிலிருந்து வந்தவள் அவள். வேறு விளக்கம் யாரும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாள். கொன்றாட்டும் சொல்லவில்லை.

லூட்கரின் இடத்தில் ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு கோப்பை, தட்டுக்கு முன்னால் கறுத்த மரச் சிலுவை. சூப்பின் ஆவி மற்றத் தட்டுகளில் நேரே மேலே எழும்பியது. அந்தத் தட்டில் மட்டும் கதிரைப் பக்கம் சாய்ந்தது. காற்றாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு யன்னலைப் பார்த்தாள். பூட்டியிருந்தது. சாப்பாடு முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வாழையிலைக்கு எங்கே போவது, ஒரு முட்டைக்கோவா இலையைக் கழுவி, மதிலில் விரித்து, பாண் ரொட்டியைச் சூப்பில் தோய்த்து வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள்.

லிண்டன் மரங்கள் கொள்ளாத காகம். எல்லாம் இலையைப் பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை.

மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும். காகம் கொத்தாவிட்டால் போனவருக்கு ஏதோ மனக்குறை என்றுதான் நம்மில் அர்த்தம். வீட்டில் வந்து இரத்தினத்திடம் சொன்னாள்.

"ஜேர்மன் காகத்துக்கு 'கா கா' எண்டால் விளங்குமோ?" என்றார் இரத்தினம். "'கொம் கொம்' எண்டு அதின்ர பாசையில கூப்பிட்டுப் பாரப்பா."

"உங்களுக்கு எல்லாம் பகிடி. அந்த மனுசன் பசியோட நிக்கிது."

"ஆர் சொன்னது?"

அவள் எழும்பிக் கோப்பை கழுவப் போனாள். சொன்னால் இன்னும் சிரிப்பார். கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து கரண்டிகளுக்கு நடுவே, தட்டு விளிம்பில் இரண்டு தரம் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதல்நாள் யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஐந்து கிழவர்களும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறாவது கரண்டி, வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. யன்னலை மூடினாள். மறுபடியும் தட்டியது. அதன் பிறகு அவள் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் கொன்றாட்டிடம் கேட்டாள்.

"பாட்டர், புறூடர் லூட்கருக்கு எந்தச் சாப்பாட்டில் நல்ல விருப்பம்?"

"எதிலும் விருப்பமில்லை என்று அறுபது வருசம் சொன்னார்," என்றார் கொன்றாட். "சொல்லிவிட்டு, முட்டைப் புடிங் வருகிற நாளில் மட்டும் எல்லாருக்கும் முதல் வந்து உட்காருவார்."

ஜெயமலர் முட்டைப் புடிங் செய்து இலையில் வைத்தாள். காகங்கள் கிளையை விட்டுக் கிளை மாறி இருந்தன; அவ்வளவுதான். மழை வந்து புடிங்கைக் கரைத்துக் கொண்டுபோனது.

இதற்கிடையில் ஸ்வர்ணா போன் எடுத்தாள். கலியாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று, ஐயருக்கு ஒரு மறுமொழி சொல்ல வேண்டும், இந்தக் கிழமைக்குள் முடிவு வேண்டும். சொல்லுகிறேன் என்றாள் ஜெயமலர். அன்று மடத்து மதிலில் இலையை விரிக்கும்போது அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. தம்பியின் பெயரைச் சொல்லி ஒரு பிடி வைத்தால் என்ன? காகம் கொத்தினால் அது ஒரு பதில். வாய் வரைக்கும் பெயர் வந்தது. மரத்திலிருந்த காகங்கள் அத்தனையும் அந்த நேரம் பார்த்துச் சத்தத்தை நிறுத்தின. அவள் பெயரை விழுங்கிக்கொண்டு, இலையை அப்படியே விட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடிவிட்டாள்.

அவள் விட்டுவந்த இலையைக் கொன்றாட் கண்டார். ஊறிப்போன பாணும் கோவா இலையும் கையில் ஏந்திக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார்.

"இது என்ன?"

"புறூடர் லூட்கரின் பங்கு, பாட்டர். காகம் தொடவில்லை."

"காகமா?"

அவள் விளக்கிச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கிழவரின் முகம் முதலில் சிரிக்கப் பார்த்தது, பிறகு சிரிக்கவில்லை.

"இத்தனை நாளும் காகத்துக்கா வைத்தீர்கள்?"

"எங்கள் வழக்கம் அதுதானே."

"இது பறவைக்கு இல்லை, ஃப்ராவ் இரத்தினம். ஒரு மனிதன் சாப்பிட வேண்டும். வாசலில் வருகிற ஏழை சாப்பிட்டால்தான் இறந்தவர் சாப்பிட்டதாகக் கணக்கு. அதுதான் வழக்கம்." அவர் ஈரப் பாணைப் பார்த்தார். "அப்படியென்றால் லூட்கர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை."

பகிடியாகத்தான் சொன்னார் போல இருந்தது. ஆனால் அடுத்ததாகக் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் கேட்கிறதா?" என்று கேட்டார்.

ஜெயமலர் ஓம் என்று தலையை ஆட்டினாள்.

கிழவர் ஈர இலையை மேசையில் வைத்தார். பிறகு கொன்றாட் குசினி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பழைய கதையொன்றைச் சொன்னார். பெருங்கொள்ளை நோய் வந்த காலம். சேற்றுக்கு அப்பாலிருந்த கிராமத்தில் பிணம் புதைக்க ஆளில்லை என்று ஒரு சகோதரரை அனுப்பினார்கள். போனவர் வரவில்லை. செத்துவிட்டார் என்று மடத்தில் பாதிப்பேர்; ஓடிவிட்டார் என்று மற்றப் பாதிப்பேர். அந்த நாளைய தலைவர் சாவுமணி அடிக்கவும் விடவில்லை, பெயரை நீக்கவும் விடவில்லை. அவருடைய தட்டு வருசக்கணக்காக மேசையில் இருந்தது. அவரைத் தெரிந்தவர்களெல்லாம் செத்து முடிந்தார்கள். பிறகு வந்த தலைவர், இது யாருடைய தட்டு என்று கேட்டபோது முகத்தைச் சொல்ல ஒருவரும் இல்லை. முப்பது நாள் வைத்து முடித்துவிடுங்கள் என்றார். கடைசி நாள் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். இடுப்புவரை சேறு. பங்கைச் சாப்பிட்டான், போய்விட்டான்.

"ஆர் எண்டு கேக்கேல்லையோ?" ஜெயமலருக்குத் தான் தமிழில் கேட்டதே தெரியவில்லை. பிறகு ஜேர்மனில் கேட்டாள்.

"கேட்கவில்லை. கதவு காத்தவருக்கு வாய் வரவில்லையாம். அன்றிலிருந்து இந்த வாசலில் சாப்பிட வருகிறவரிடம் பெயர் கேட்பதில்லை. படித்தவர்கள் வந்து, அது வெறும் மரியாதைக்கு வந்த விதி என்று சொல்லிப் போனார்கள். இருக்கலாம்." எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "நாளை முப்பதாம் நாள். நாளைக்காவது யாராவது வர வேண்டும்."

"இந்தக் காலத்தில் இங்கே யார் வருவார், பாட்டர்?"

"கொஞ்ச வருசமாக யாருமே வரவில்லை," என்றார் கொன்றாட். "லூட்கரே எடுத்துச் சாப்பிட்டுவிடுவார் என்று நினைக்கிறேன்."

மறுநாள் பனிப்புகார் மூடியிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்தும் வாசலில் யாரும் இல்லை. ஜெயமலர் பங்கைச் சூடாக்கினாள், ஆறியதும் திரும்பச் சூடாக்கினாள். குசினி துடைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று, போகவில்லை. சூப்பும் பாணும் போதுமோ என்று தோன்றவே, தான் கொண்டுவந்து சாப்பிடாமல் வைத்திருந்த புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் ஒரு தட்டில் போட்டாள். மிச்சக் குழம்புப் பெட்டியோடு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். காகங்களைக் காணவில்லை. மரங்கள் வெறுமையாக நின்றன.

பொழுது மங்கும் நேரம், மதிலோரமாக ஒரு ஆள் வந்து நின்றான்.

வந்த சத்தம் கேட்கவில்லை. தலையை மூடிய நீளக் கோட், கழுத்தைச் சுற்றிய துணி, நரைத்த தாடி. நிறம் நம்முடைய நிறம். ஆனால் அந்த நிறத்தில் எத்தனையோ நாட்டு ஆட்கள் அந்தப் பக்கத்து அகதி வீடுகளில் இருந்தார்கள். அவன் ஒன்றும் கேட்கவில்லை, தட்டைப் பார்த்தான். ஜெயமலர் இரண்டு கையாலும் நீட்டினாள். மதிலடிக் கல்லில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான். கரண்டி கொண்டுவர மறந்துவிட்டேனே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கரண்டியைத் தேடவில்லை. புட்டில் குழம்பை விட்டு, விரல் நுனியால் பிசைந்து, பெருவிரலால் தள்ளி வாயில் வைத்தான்.

ஜெயமலர் ஒரு அடி கிட்டப் போனாள். முகத்தைப் பார்க்கப் பார்த்தாள்; புகாரும் துணியும் மறைத்தன. பார்த்தாலும் என்ன? தம்பியின் முகம் அவளுக்குள் முப்பது வயதில் நின்றுவிட்டது. ஐம்பதை நெருங்கும் முகத்தை அவள் எங்கே கண்டாள்? உங்கட பேர் என்ன, எவடம் என்று ஒரு வசனம் கேட்டால் போதும். அவன் அரபு பேசுவான், அல்லது வேறெதுவும் பேசுவான். அத்தோடு எல்லாம் தெளிந்துவிடும். அல்லது தமிழ் பேசுவான். பேசினால் பிறகு என்ன செய்வது?

கதவு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயரைக் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ?"

தமிழில்தான் கேட்டாள். அவன் நிமிராமல் இடக்கையைத் தட்டுக்கு மேலே விரித்துக் காட்டினான், போதும் என்று.

சொல் விளங்கியா, அவள் கையிலிருந்த குழம்புப் பெட்டியைக் கண்டா, யார் அறிவார். சூப்பையும் குடித்தான். பாணால் கோப்பையைத் துடைத்துத் தின்றான். எழும்பித் தட்டை இரண்டு கையாலும் கொடுத்தான். "டாங்க," என்றான், அந்த நன்றியை இந்த நாட்டில் எவரும் சொல்லுவார்கள். பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை. மீன்குளங்களின் பக்கம் திரும்பி, பாதை இல்லாத திசையில் நடந்து புகாருக்குள் போனான்.

பின்னால் கொன்றாட் வந்து நின்றதை அவள் காணவில்லை.

"யாராவது வந்தாரா?"

"வந்தார்."

"யார்..." என்று தொடங்கிய கிழவர் வாயை மூடிக்கொண்டார். அவள் கையிலிருந்த வெறுந்தட்டைப் பார்த்தார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பஸ் தரிப்பில் நின்றபடியே ஜெயமலர் ஊருக்குப் போன் எடுத்தாள். இரண்டு தரம் பிழையான இலக்கத்தை அமத்தினாள். சுபானி எடுத்தாள்.

"மச்சாள், என்னாலை சொல்ல ஏலாது," என்றாள் ஜெயமலர் எடுத்த எடுப்பில். "செத்திட்டான் எண்டும் ஏலாது, இருக்கிறான் எண்டும் ஏலாது. ஸ்வர்ணாவுக்கு அப்பிடியே சொல்லப் போறன். கலியாணம் குழம்பினால் என்னை ஏசுங்கோ."

"ஏன் மச்சாள் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

ஜெயமலர் சொன்னாள். முப்பது நாளையும், காகங்களையும், வாசலில் வந்து நின்ற ஆளையும், கையை விரித்துக் காட்டியதையும்.

"சாப்பிட்டவரோ?" என்று கேட்டாள் சுபானி.

"ஓம்."

"வடிவாச் சாப்பிட்டவரோ? மிச்சம் விடேல்லையோ?"

"ஒண்டும் விடேல்லை. கோப்பையையும் துடைச்சுச் சாப்பிட்டவர். ஆனால் மச்சாள், அது ஆர் எண்டு நான்..."

"நான் ஆர் எண்டு கேக்கேல்லையே."

பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து, அவள் ஏறாததால் மூடிக்கொண்டு போனது.

"தண்ணி எடுக்கப் போகேக்க அவர் ரெண்டு நாள் சாப்பிடாமல்தான் போனவர்," என்றாள் சுபானி. "இவ்வளவு காலமும் நான் ஒரு கவளம் வாயில வைக்கிற நேரமெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். ஆருக்கும் சொன்னதில்லை." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாதாரணமாகப் பேசினாள். "அந்தியேட்டியைச் செய்வம் மச்சாள். ஐயருக்கு நானே சொல்லுறன். ஆனால் நான் பொட்டை எடுக்கமாட்டன். மணவறையில என்ர பிள்ளைக்குப் பக்கத்தில நான்தான் நிப்பன். நீங்களும் அண்ணையும் வந்து முன்வரிசையில இருந்து பாருங்கோ."

"ஸ்வர்ணா விடுவாவோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ எண்டு கேப்பா."

"கேட்டால், சாப்பிட்டிட்டுப் போயிட்டார் எண்டு சொல்லுங்கோ," என்றாள் சுபானி.